வேம்புலியின் மூன்று நிமிடம்

1976 பிப்ரவரி முதல் வாரம். குமணன்சாவடியைத் தாண்டி ஒரு மைலில் இருந்த அந்தக் கல்லூரியில் வெள்ளிக்கிழமை மேடை நடக்குமா நடக்காதா என்று வியாழன் மாலைவரை யாருக்கும் தெரியவில்லை.

மேடை ஆரம்பித்து ஆறு வருடம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணியிலிருந்து ஐந்துவரை கல்லூரி மண்டபத்தில் நாட்டு நடப்பைப் பற்றிப் பேசுவார்கள். யாரும் வரலாம், யாரும் பேசலாம். பெயரையும் ஊரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேசைக்கு அனுப்ப வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம்; முடிந்ததும் செயலாளர் மேசை மணியை அடிப்பார். அந்த மூன்று நிமிடத்துக்குள் குறுக்கிட அவருக்கும் உரிமை கிடையாது. பஸ் கண்டக்டர்களும் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் தொழிலாளிகளும் ஷிப்ட் முடித்து வந்து மாணவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள்.

அந்த வருடம் மேடைக்குச் செயலாளர் பஞ்சவர்ணம். பி.ஏ. பொருளாதாரம், கடைசி வருடம். அப்பா குணசேகரன் ஆவடி பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பதினாலு வருடமாகக் குவார்ட்டர்ஸில் இருக்கும் குடும்பம்.

முந்தின சனிக்கிழமை மாநில ஆட்சியைக் கலைத்திருந்தார்கள். எமர்ஜென்சி ஏழு மாதமாக இருந்தாலும் சென்னைப் பக்கம் அதன் சூடு தெரிந்தது அந்த வாரம்தான். நேற்றுவரை டீக்கடையில் உரக்கப் பேசியவர்கள் இன்று பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நடந்தார்கள்.

பிரின்சிபால் ஜானகிராமன் வியாழன் மாலை பஞ்சவர்ணத்தை அறைக்கு அழைத்தார்.

"பத்திரிகைத் தணிக்கைங்கிற தலைப்பு வேண்டாம். பிரதமரோட இருபது அம்சத் திட்டத்தின் நன்மைகள்னு மாத்திடு. கைது கிய்துன்னு யாராவது ஆரம்பிச்சா உடனே நிறுத்தணும். இல்லேன்னா மேடையே இருக்காது. புரியறதா?"

"புரியுது சார்."

மறுநாள் மண்டபத்தில் பாதி பெஞ்ச் காலி. கடைசி வரிசையில் முடியை ஒட்ட வெட்டிய ஒருவர் மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். சாதா உடுப்புதான், ஆனால் அவரைச் சுற்றி மூன்று பெஞ்சுக்கு யாரும் உட்காரவில்லை.

சீட்டுகள் வந்தன. ஐந்தாவது சீட்டைப் பஞ்சவர்ணம் இரண்டு முறை படித்தாள். 'வேம்புலி, மேனாம்பேடு. பொருள்: என் அண்ணன்.'

வேம்புலியை மேடைக்கு வரும் எல்லோருக்கும் தெரியும். எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். முப்பது வயது இருக்கும். காலை ஷிப்ட் முடித்து அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வருவார். ரேஷன் அரிசியிலிருந்து வியட்நாம்வரை எதைப் பேசினாலும் கூட்டம் சிரித்துக்கொண்டே கேட்கும். அவருடைய அண்ணன் செங்கல்வராயன் தொழிற்சங்கச் செயலாளர். திங்கட்கிழமை அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று பஞ்சவர்ணமும் கேள்விப்பட்டிருந்தாள்.

அந்தச் சீட்டை அவள் எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தாள். நான்கு பேர் திட்டத்தைப் புகழ்ந்து பேசினார்கள். அவர்களுக்கு நேரம் கடந்தும் மணி அடிக்கவில்லை. ஐந்து மணி ஆகிவிட்டால் முடித்துவிடலாம் என்று நினைத்தாள். வேம்புலியோ சுவரோரம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வேறு சீட்டே இல்லை. ஊரைச் சொல்லாமல் பெயரை மட்டும் வாசித்தாள்.

வேம்புலி மைக்கைப் பிடித்தார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

"எல்லாம் நல்லா கீதுன்னு நாலு பேரு பேசினாங்கோ. இருக்கட்டும். எங்க ஊட்ல ஒரு ஆளு இல்ல. திங்கக்கெழம விடிகாலைல எங்கண்ணன் பால் வாங்கப் போனாரு—"

கடைசி வரிசையில் பேனா ஓடத் தொடங்கியதைப் பஞ்சவர்ணம் பார்த்தாள். இன்னும் இரண்டு வாக்கியம் பேசினால் இந்த மனிதரும் வீடு போய்ச் சேரமாட்டார் என்று தோன்றியது. அவள் கை மணியை அடித்துவிட்டது.

வேம்புலி திரும்பினார். "ஒரு நிமிசம்கூட ஆவலியேம்மா."

"தலைப்புக்கு வெளியே பேசக்கூடாது. உட்காருங்க."

"நீயா சொல்றே?"

"உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. மைக்கை அதன் இடத்தில் மெதுவாகப் பொருத்திவிட்டு, நடுவழியாக நடந்து வெளியே போனார். மாணவர் பக்கத்திலிருந்து யாரோ "சீ" என்றார்கள். அது தனக்குத்தான் என்று பஞ்சவர்ணத்துக்குத் தெரிந்தது.

கூட்டம் கலைந்ததும் நோட்டுக்காரர் மேசைக்கு வந்தார். "கடைசியா பேசினாரே, எந்த ஊரு?"

"தெரியாது சார்."

"சீட்டு?"

"பேர் மட்டும்தான் இருந்துச்சு. கிழிச்சுப் போட்டுட்டேன்."

சீட்டு அவளுடைய செருப்புக்குள் மடிந்து கிடந்தது. அவர் அவளைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். "கூட்டத்த நல்லா நடத்தினீங்கம்மா. இப்படித்தான் இருக்கணும்."

பிரின்சிபாலும் அதையே சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமையும் மேடை நடத்திக்கொள்ளலாம் என்று அனுமதி தந்தார். எப்படியோ விஷயம் தொழிற்சாலைவரை போய், அப்பாவும் மறுநாள் மாலை தோளில் தட்டினார். "என் மானத்தைக் காப்பாத்திட்ட பஞ்சு."

மூன்று பேர் பாராட்டிய பிறகு, ஒளித்து வைத்திருந்த சீட்டை எடுத்து அவள் மறுபடி படித்தாள்.

ஞாயிறு காலை மேனாம்பேட்டுக்குப் போய் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். செங்கல்வராயனின் மனைவி ராஜம்மா வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். யாரென்று தெரிந்ததும் பஞ்சவர்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதானா அந்தப் பொண்ணு? நல்ல காரியம் பண்ணேம்மா. எங்கொழுந்தனும் உள்ள பூட்டிருந்தா நான் ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு இன்னா பண்ணுவேன்?"

வேம்புலி உள்ளேயிருந்து வந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"அண்ணே, உங்களைக் காப்பாத்தணும்னுதான் மணி அடிச்சேன். பின்னாடி போலீஸ்காரர் எழுதிக்கிட்டு இருந்தார்."

"அவுரு எழுதறது எனக்குத் தெர்யாதா? பார்த்துக்கினுதானே மைக்க புடிச்சேன். மாத்துத் துணி ஒரு பையில போட்டு சைக்கிள்ல மாட்டிக்கினுதான் வந்தேன்." அவர் குரல் உயரவில்லை. "நாலு ஸ்டேசன் ஏறி எறங்கிட்டேன். எங்களாண்ட இல்ல, எங்களாண்ட இல்லன்றாங்கோ. எங்கண்ணன் எங்க கீறாருன்னு யாருக்கும் தெர்யல. உங்க காலேஜ்ல எரநூறு பேரு வருவாங்கோ, ஒருத்தருக்காவது எதனா தெரிஞ்சிருக்கும், கேக்கலாம்னு வந்தேன். கேக்கறதுக்குள்ள அடிச்சிட்டே."

அவர் அரசாங்கத்தைத் திட்டப் போகிறார் என்றே பஞ்சவர்ணம் நினைத்திருந்தாள். கேள்வி கேட்க வந்தார் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"நான் ஜெயிலுக்குப் போவலாமா வேணாமான்றத நீ ஏம்மா முடிவு பண்ணே?"

பஞ்சவர்ணம், "வர்ற வெள்ளிக்கிழமை முதல் பேச்சு உங்களோடது. மூணு நிமிஷமும் உங்களுக்கு. நான் மணியைத் தொடமாட்டேன்" என்றாள்.

ராஜம்மா பிழிந்த துணியை வாளியில் எறிந்தாள். "போதும்! ஒருத்தர் போனது போதாதா? இப்பத்தான் நல்ல பொண்ணுன்னேன், இன்னா பேச்சு பேசுது பாரு!"

"அண்ணி, அவுரு உசுரோட கீறாரான்னு உனக்குத் தெரிய வேணாமா?"

ராஜம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பஞ்சவர்ணம் வெயிலில் ஆவடிவரை நடந்தே வந்தாள்.

வியாழன் மாலை அப்பா வேலையிலிருந்து வந்து முகம் கழுவி உட்கார்ந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். செருப்பில் ஒளித்த சீட்டைக்கூட மறைக்கவில்லை. அம்மா ஞானம்மாள் காப்பித் தம்ளரோடு கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"சென்ட்ரல் கவர்மெண்ட் வேலை பஞ்சு," என்றார் குணசேகரன். "தூக்கிருவானுவ. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லுவான். உன் தம்பிக படிப்பு என்னாகும்?"

"தெரியும்ப்பா. அதான் முன்னாடியே சொல்றேன்."

"நான் வேணாம்னு சொன்னா விட்டுருவியா?"

"விடுவேனான்னு தெரியலை. ஆனா உங்களுக்குத் தெரியாம செய்யக்கூடாதுன்னு நினைச்சேன்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, யாரையும் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். காலையில் சைக்கிளை எடுக்கும்போதுதான் வாய் திறந்தார். "அந்த ஆளோட அண்ணனுக்கு எத்தனை பிள்ளை?"

"ரெண்டுப்பா."

வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மண்டபம் நிறைந்திருந்தது. மேனாம்பேட்டுக்காரர் மறுபடி பேசுகிறார் என்று செய்தி பரவியிருந்தது. கடைசி வரிசையில் இப்போது இரண்டு பேர் நோட்டோடு இருந்தார்கள். ஜானகிராமன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பஞ்சவர்ணம் எழுந்தாள். "முதல் பேச்சாளர் வேம்புலி, மேனாம்பேடு. போன வாரம் இவருக்குச் சேர வேண்டிய நேரத்தை நான் வெட்டினேன். அது தப்பு." கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். மணி நாலு பத்து.

"என் பேரு வேம்புலி," என்று தொடங்கினார் அவர். "எங்கண்ணன் பேரு செங்கல்வராயன். போன திங்கக்கெழமைக்கு முந்தின திங்கக்கெழம பால் வாங்கப் போனவரை ஜீப்புல ஏத்திக்கினு பூட்டாங்கோ. பன்னெண்டு நாளாவுது."

ஜானகிராமன் கையை உயர்த்தினார். "செக்ரெட்டரி! நிறுத்தச் சொல்லு."

இருநூறு தலைகள் பஞ்சவர்ணத்தின் பக்கம் திரும்பின. "அவருக்கு இன்னும் இரண்டரை நிமிஷம் இருக்கு சார்."

"நான் சொல்றேன், நிறுத்து!"

"இரண்டரை நிமிஷம் இருக்கு சார்."

ஜானகிராமன் மேடையை நோக்கி நான்கு அடி வைத்தார். முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார், பக்கத்தில் இன்னொருவர். அவர்கள் வழி விடவில்லை. ஜானகிராமன் நின்றுவிட்டார்.

வேம்புலி தொடர்ந்தார். "அவரு தப்பு பண்ணாரா இல்லியான்னு பேச நான் வர்ல. அத்த கோர்ட்டு பார்த்துக்கட்டும். எங்க கீறாருன்னு மட்டும் கேக்க வந்தேன். என்னவிடக் கொஞ்சம் குள்ளம். எடது புருவத்துல தழும்பு கீது. நீலச் சட்ட போட்டுக்கினு போனாரு. யாருனா பார்த்திருந்தா, எங்கனா கேட்டிருந்தா, எங்கூட்டுக்குச் சொல்லி அனுப்புங்கோ. கீற ஆளைக் கீறாருன்னு சொல்றதுல கவர்மெண்டுக்கு இன்னா நஷ்டம்?"

அதற்கு மேல் அவரிடம் பேச எதுவும் இல்லை. இன்னும் அரை நிமிடம் மீதி இருந்தது. மைக்குக்கு முன்னால் அப்படியே நின்றார். ஒருவரும் கை தட்டவில்லை, ஒருவரும் இருமக்கூட இல்லை. நேரம் முடிந்தது என்று பஞ்சவர்ணம் சொன்ன பிறகுதான் இறங்கினார்.

அன்றே மேடையை மூடிவிட்டதாக ஜானகிராமன் நோட்டீஸ் பலகையில் ஒட்டினார். பஞ்சவர்ணத்தைக் கல்லூரியை விட்டு நிறுத்தியதாக அதன் கீழேயே இன்னொரு தாள். வேம்புலியைக் குமணன்சாவடி முனையில் சைக்கிளோடு நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்போது ஆவடி பஸ்ஸில் கண்டக்டர் கஜபதி டிக்கெட்டைக் கிழித்து அவள் கையில் வைத்தார். மேடைக்கு அவ்வப்போது வருகிறவர்தான். குனிந்து சில்லறை தேடுவதுபோல மெல்லப் பேசினார்.

"அவுங்க ஊட்ல சொல்லிடு. எம்மச்சான் பட்டணத்துல ஜெயிலுக்குக் காய்கறி எறக்கறவன். வெள்ளிக்கெழம கேட்டதும் அவனாண்ட போய்ச் சொன்னேன், நேத்து பார்த்துட்டு வந்தான். புருவத்துல தழும்பு. கால்ல கட்டு போட்டு கீது, ஆனா நடக்கறாரு. உசுரோட கீறாரும்மா." உடனே நிமிர்ந்து, "உள்ள போ, உள்ள போ" என்று கத்திக்கொண்டு முன்பக்கம் நகர்ந்துவிட்டார்.

பஞ்சவர்ணம் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி மேனாம்பேட்டுக்கு வண்டி மாறினாள். வழியெல்லாம் ராஜம்மா அடிப்பாளோ என்று பயந்தாள். கொழுந்தனையும் உள்ளே அனுப்பியவள் ஆயிற்றே.

ராஜம்மா கதவைத் திறந்ததும் பஞ்சவர்ணம் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லி முடித்தாள். ராஜம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கால்ல கட்டுன்னா, எந்தக் காலு?"

"கேக்கலை அக்கா."

"எடது காலாத்தான் இருக்கும். அதுல ஏற்கனவே வலி கீது அவருக்கு." பிறகுதான் அழுதாள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, "நாளைக்கு எங்கூட வருவியா? எனக்கு அந்தப் பக்கம் வழி தெர்யாது" என்று கேட்டாள்.

பஞ்சவர்ணம் போனாள். முதல் மூன்று நாள் அப்படி ஒருவர் இல்லை என்றே ஜெயில் வாசலில் சொன்னார்கள். நான்காம் நாள் ஒரு துணிப்பையை வாங்கிக்கொண்டார்கள். இருக்கிறார் என்று அவர்கள் வாயால் சொன்னதற்கு அதுவே சமம்.

வேம்புலி ஒன்பது நாளில் வெளியே வந்தார். செங்கல்வராயன் வர ஒரு வருடம் ஆயிற்று. பஞ்சவர்ணம் அடுத்த ஆண்டு தனியாகப் பரீட்சை எழுதித் தேறினாள். குணசேகரனுக்கு வேலை போகவில்லை. அந்த மார்ச் மாதமே வடக்கே ஒரு ஊருக்கு மாற்றல் வந்தது. உத்தரவில் காரணம் எழுதியிருக்கவில்லை. குடும்பத்தை ஒரு சின்ன வாடகை வீட்டில் விட்டுவிட்டு அவர் தனியாகக் கிளம்பினார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன்வரை பஞ்சவர்ணம்தான் உடன் வந்தாள். ரயில் நகரும்போது அவர் ஜன்னல் வழியே, "அம்மாவுக்கு மாத்திரை ரெண்டு வேளை, இனி நீதான் பாத்துக் குடுக்கணும், மறந்துராத" என்று மட்டும் சொன்னார்.