பொட்டு வைத்த நத்தைகள்

மழை விட்டதும் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வாளிகளைக் கொண்டுவந்து ஆசிரியர் வ்யேரானின் காலடியில் வைத்தார்கள். எட்டிப் பார்த்தான். எல்லா ஓட்டிலும் சிவப்புப் பொட்டு. பொட்டில்லாத நத்தை ஒன்றுகூட இல்லை.

போன வாரம் இந்தக் குடியிருப்பு முற்றத்தில் கொஞ்சம் நத்தைகளைப் பிடித்து, பொட்டு வைத்து, திரும்ப விட்டிருந்தார்கள். இன்று கைக்கு அகப்படுவதையெல்லாம் பொறுக்க வேண்டும். பொட்டில்லாதவை அதிகம் வந்தால் முற்றத்தில் நத்தைகள் ஏராளம். வருவதெல்லாம் பொட்டு வைத்தவை என்றால், வேறு நத்தையே இங்கே இல்லை.

சாயங்காலம் குடியிருப்போர் கூட்டத்தில் வாக்கெடுப்பு. முற்றத்தில் உயிர்கள் நிறைய இருப்பதாகக் காட்டினால் புல்லை விட்டுவைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இல்லையென்றால் கார் நிறுத்துமிடம்.

“பொட்டு இல்லாததெல்லாம் எங்க?”

“அதெல்லாம் சும்மா நத்தை சார். விட்டுட்டோம்,” என்றாள் தோங்கா.

“நிறைய இருந்துச்சா?”

“கால் வைக்க எடமில்ல. ஃபிரான் ரெண்ட மிதிச்சுட்டான்.”

“நான் மிதிக்கல. அதுவா வந்து பூட்ஸுக்கு அடியில படுத்துச்சு!”

“பின்ன ஏன் எடுக்கல?”

தோங்கா வாளியைப் பார்த்தபடி சொன்னாள். “இது நெவென்கா டீச்சரோடது. கார் வந்தா நசுங்கிடும்ல. அதான் இத மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோலாம்னு.”

பொட்டு வைக்க நகப்பூச்சு வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த சீசாவை வ்யேரான் எடுத்து வந்திருந்தான். அவன் மனைவி நெவென்கா பனிக்காலத்தில் இறந்துபோனாள். சாக்பீஸ் பிடித்த விரல்களில் அந்தச் சிவப்பைப் பிள்ளைகள் தினமும் பார்த்திருப்பார்கள். அது அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

குடியிருப்புத் தலைவர் யாத்ரான்கோ படியிறங்கி வந்தார்.

“என்ன தம்பி, எத்தனை?”

“தெரியல அண்ணே. பசங்க தப்பாப் பொறுக்கிட்டாங்க. ஒரு வாரம் குடுங்க.”

“நல்லாருக்கு போ! ட்ராம் ஸ்டாப்புகிட்ட கார விட்டுட்டு நடந்து வரேன், நீ நத்தைக்கு வாய்தா கேக்குற.”

“நீங்களே வந்து பொறுக்குங்க.”

“என் முட்டிக்கு யாரு வைத்தியம் பாப்பாங்க?”

“முக்காலி போடறேன்.”

யாத்ரான்கோ மூக்கைச் சொறிந்தார். “சரி, ஓட்டெடுப்ப சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்கிறேன். என் கையால எண்ணுவேன். கம்மியா இருந்துச்சுன்னா தார் ஊத்திடுவேன், அப்புறம் யாரும் அழக்கூடாது.”

பிள்ளைகளிடம் வ்யேரான், “எடுத்த எடத்துலயே விட்டுடுங்க,” என்றான்.

“நசுங்கிட்டா?” என்றாள் தோங்கா.

“நசுங்கலாம்.”

அவள் ஒவ்வொன்றாக வேலியோரம் வைத்தாள்.

“பாக்கெட்ல இருக்கறதையும்.”

முறைத்துக்கொண்டே எடுத்து நீட்டினாள். வாங்கி வேலியோரப் புதரடியில் அவனே வைத்தான்.

சனிக்கிழமை யாத்ரான்கோ முக்காலியில் உட்கார்ந்து ஈரப் புல்லைத் துழாவினார்.

“இதுக்குப் பொட்டு இல்ல. எண்ணணுமா?”

“எண்ணணும் அண்ணே.”

“இதுக்கும் இல்ல.”

ஒரு வாளி நிறைந்தது. இன்னொன்றும் நிறையும் தறுவாயில் இருந்தது. தோங்கா இரண்டையும் கிளறிப் பார்த்துவிட்டு அவர் எதிரில் குந்தினாள்.

“டீச்சரோடது ஒண்ணுகூடவா வரல, தாத்தா?”

“எங்க வருது? எல்லாம் சும்மா நத்தை. இடுப்பு ஒடியுது.” தலையைத் தூக்காமலே கையை நீட்டினார். “இன்னொரு வாளி குடுப்பா.”

வ்யேரான் காலி வாளியை அவர் பக்கம் தள்ளினான்.