முப்பத்தேழாம் நம்பர் வீடு

பி.எஸ்சி.யில் நான் வாங்கியது ஐம்பத்தொரு சதவீதம். புள்ளியியல் பேப்பரை மூன்றாவது தடவைதான் பாஸ் செய்தேன். இந்த மார்க்கோடு பொதுச் சுகாதார முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்தால் யார் சீட் கொடுப்பார்கள்? நான்கு கல்லூரிகள் பதிலே போடவில்லை. சென்னையில் ஒரு கல்லூரி மட்டும், மார்க் குறைந்தவர்கள் தாங்கள் செய்த வேலைக்கு ஆதாரம் இணைக்கலாம் என்று பெரிய மனது பண்ணியது.

என் வேலை கொசுப்புழு தேடுவது. எங்கள் தீவில், புரோத்ராபூரில் வாரம் இருநூறு வீடு ஏறி இறங்கி, டிரம்மிலும் தொட்டியிலும் டார்ச் அடித்துப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். கொசு இங்கே எல்லா பாஷைக்காரர்களுக்கும் மச்சர்தான். அதனால் நான் மச்சர் மேடம். எழுபது வாரப் பதிவேட்டை அப்படியே ஸ்கேன் செய்து அனுப்பினேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு.

நேர்காணல் ஆன்லைனில். எனக்குப் பின்னால் அடுப்படித் திரை. அதற்குப் பின்னால் அம்மா ரோசலின், மூச்சு விடக் கூடாது என்ற கட்டளையோடு, கையில் ஜெபமாலை.

பேராசிரியர் என் ஆங்கிலத்தை இரண்டு நிமிடம் பொறுத்துவிட்டு, தமிழிலேயே பேசச் சொன்னார். நல்ல மனிதர் என்று நினைத்து முடிப்பதற்குள் பதிவேட்டைத் திறந்தார்.

"முதல் வாரம் அறுபது வீட்டுல புழு இருந்திருக்கு. இப்ப ஒரே வீடு. நல்ல வேலை, பெனிட்டா. ஆனா அந்த முப்பத்தேழாம் நம்பர் வீட்டுல எழுபது வாரமும் புழு. அங்க மட்டும் ஏன் முடியல?"

வீட்டுக்காரர் ஒத்துழைக்கவில்லை என்று நழுவியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது.

"அது எங்க வீடு, சார்."

அவருக்குப் பக்கத்திலிருந்த பேராசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "வீட்டையே திருத்த முடியலைன்னா ஊரை எப்படிம்மா திருத்துவீங்க?"

சீட் போயிற்று. அம்மா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. திங்கட்கிழமைதோறும் எங்கள் டிரம்மில் டார்ச் அடிக்கும்போது இதே சண்டைதான். "ஏட்டி, பானி மூணு நாளைக்கு ஒருக்கா வருது. ஒம் புழுவுக்காகக் கொட்டவா பிடிச்சு வச்சேன்?" நான் புழு இருக்கிறது என்று எழுதுவேன். அன்றைக்கு எனக்கு டீ கிடையாது.

திரைக்குப் பின்னால் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் தடால். திரைக்கு அடியில் தண்ணீர் புகுந்து என் நாற்காலிக் காலை நனைத்தது.

"என்ன சத்தம்?" என்றார் பேராசிரியர்.

"முப்பத்தேழாம் நம்பர், சார். டிரம்மைக் கவுத்துட்டாங்க."

அம்மா நனைந்த சேலையோடு லேப்டாப்புக்குள் தலையை விட்டாள். "சார், பிள்ள மேல குத்தமில்ல. அவ வாராவாரம் சொல்லிக்கிட்டுதான் இருந்தா. நாந்தான் கேக்கல. எழுதிக்கிடுங்க."

பேராசிரியர் நிஜமாகவே எழுதிக்கொண்டார்.

அடுத்த தண்ணீருக்கு இரண்டு நாள் இருந்தது. பக்கத்து வீட்டு சுசீலா அக்காவிடம் குடம் குடமாய்க் கடன் வாங்கிச் சமாளித்தோம். வெள்ளிக்கிழமை மெயில் வந்தது. சீட் கிடைத்துவிட்டது.

அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவள் கையை நீட்டினாள்.

"அந்த டார்ச்ச இங்க குடு. நீ மெயின்லேண்டுக்குப் போனப்பொறவு இந்த டிரம்ம எவ வந்து பாப்பா?"

கொடுத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் டிரம்முக்குள் டார்ச் அடித்து, வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.