காட்டுப் பணம்

1951 ஜூன் பதினைந்தாம் தேதி, மலேயாவில் கோலா கிளாவாங்கை அடுத்த புக்கிட் சேனா ரப்பர் தோட்டத்தில், பால்மரம் வெட்டும் சன்னாசியின் வீட்டுப் பாயில் பரப்பியிருந்த நோட்டுகளை, மூவாயிரம் வெள்ளியை, யாராலும் எடுக்க முடியவில்லை. பார்க்க முடிந்தது, எண்ண முடிந்தது, தொட்டுத் தடவக்கூட முடிந்தது. எடுக்க மட்டும் முடியவில்லை. அந்த வாரம் ரேஷன் அரிசியில் கல் அதிகம் என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் முணுமுணுப்பு இருந்ததும் உண்மை.

பணம் சன்னாசியுடையது அல்ல. அவர் மகள் நீலாவதி, சிரம்பானில் கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படித்துத் தேறியவள், ஆஸ்திரேலியாவில் மருந்தாளர் படிப்புக்கு இடம் பெற்றிருந்தாள். படிப்பு இலவசம், தங்கவும் சாப்பிடவும் அங்குள்ள மடம் பொறுப்பு. ஆனால் பயண அனுமதி கொடுக்கும் பட்டணத்து அலுவலகத்துக்கு ஒரு பிடிவாதம். ஓராண்டுச் செலவுக்கு மூவாயிரம் வெள்ளி இருக்கிறது என்று மாணவி காட்ட வேண்டும். கொடுக்க வேண்டாம், செலவழிக்க வேண்டாம், காட்டினால் போதும். பதினைந்தாம் தேதி மாலை நான்கு மணிக்குள் காட்டாவிட்டால் இடம் போய்விடும். இரண்டரை வெள்ளி நாள்கூலிக்காரர் மூவாயிரத்துக்கு எங்கே போவார்? வீடு வீடாகப் போனார். தொண்ணூற்று மூன்று குடும்பங்கள் தோடு, மூக்குத்தி எல்லாம் அடகு வைத்துக் கொடுத்தன. காட்டிவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது பேச்சு. தம் பங்குக்குப் பத்து வெள்ளி நோட்டு ஐந்தைப் போட்ட சன்னாசி, கொடுத்தவர் பெயர்களைப் பள்ளிக்கூட நோட்டில் எழுதி, மேலே "காட்டுப் பணம்" என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்டார். காட்டுகிற பணம் என்று அர்த்தம். லயம் முழுக்க அப்படித்தான் சொன்னார்கள்.

அவசரகாலத்தில் வாயில் வரக்கூடாத சொல் ஒன்று உண்டென்றால் அது இதுதான். லயத்தைச் சுற்றி முள்வேலி. காட்டில் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு டின் பால் கொடுத்தவனைக்கூட நாடு கடத்திக் கப்பலேற்றிவிட்ட காலம். வேலி வாசலில் சோதனைக்கு நின்ற பெண்கள், "காட்டுப் பணம் குடுத்துட்டியா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது போலீஸ் மொழிபெயர்ப்பாளர் டொனால்டின் காதில் விழுந்தது. பாரோய் ஊர்க்காரரான அவர் தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார், ஆனால் தெரியாதென்று ஒருநாளும் சொல்லமாட்டார். பதினைந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, சன்னாசி பஸ்ஸுக்குப் புறப்படுமுன் கடைசியாக எண்ணிக்கொண்டிருந்தபோது, வெள்ளைக்கார அதிகாரியும் ஆறு போலீஸ்காரர்களும் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள்.

"ஐயா, இது காட்டுறதுக்கு லா! காட்டுக்கு இல்ல!" என்று சன்னாசியின் மனைவி செல்லம்மா கத்தினாள்.

"எனக்கே தமிழ் சொல்லித் தர்றியா?" என்றார் டொனால்ட்.

அதிகாரி ஒரு நோட்டை எடுக்கக் குனிந்தார். வரவில்லை. இரண்டு போலீஸ்காரர்கள் பாயோடு சுருட்டப் பார்த்தார்கள். பாயும் அசையவில்லை. பசை போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டுச் சன்னாசியையே எடுக்கச் சொன்னார்கள். சொந்த ஐம்பது வெள்ளிகூட அவர் கைக்கு வரவில்லை. காட்டுவதற்கென்று வாங்கிய பணம் காட்டாமல் நகராது, இதில் என்ன அதிசயம் என்று வாசலில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். தொண்ணூற்று மூன்று குடும்பத்தாரையும் பிடிக்க அதிகாரிக்கு ஆசைதான். அப்புறம் பால்மரம் வெட்ட யார் இருக்கிறார்கள் என்று தோட்டத்துத் துரை சண்டைக்கு வந்ததால் சன்னாசியை மட்டும் லாரியில் ஏற்றினார்கள்.

பிறகு அதிகாரி சட்டப்படி மூன்று பிரதிகளில் பட்டியல் எழுதினார். பணம் யாருடையது என்று டொனால்ட் கேட்க, "எல்லாம் எம் மவ நீலாவதிக்குத்தான்," என்று செல்லம்மா அழுதுகொண்டே சொன்னாள். அதுவும் எழுதப்பட்டது. வீட்டாருக்குரிய பிரதியை வாங்கி நீலாவதி ஆங்கிலத்தில் படித்தாள். உரிமையாளர் நீலாவதி. மூவாயிரம் வெள்ளி, என் முன்னால் எண்ணப்பட்டது. எடுக்க இயலாது. கீழே கையெழுத்தும் போலீஸ் முத்திரையும். காட்டுவதற்கு இதுவே போதும்.

"அப்பாவ விட்டுட்டு எப்படிம்மா போறது?" என்றாள்.

லாரியிலிருந்து சன்னாசி சத்தம் போட்டார்: "பஸ்ஸ விட்டுறாத! போ!"

மலைப்பாதையில் மூன்று இடத்தில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். மூன்றாவது இடத்தில் அந்தக் காகிதத்தை ஒருவன் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தான். பிறகு போகச் சொன்னான். மூன்றே முக்காலுக்கு அலுவலகத்தை அடைந்தாள். அங்கிருந்த அலுவலர் வங்கிக் கடிதத்தையே மூன்று தரம் சந்தேகப்படுகிறவர். போலீஸ் அதிகாரியே எண்ணிக் கொடுத்த கணக்கை என்ன சொல்வார்? "எடுக்க இயலாது" என்ற வரியை வங்கித் தவணை வைப்பு என்று புரிந்துகொண்டு, பொறுப்பான பெண் என்று பாராட்டி முத்திரை குத்தினார்.

சன்னாசிக்கு இது எதுவும் தெரியாது. லாக்கப்பில் யாரும் சேதி சொல்லவில்லை. போலீஸ் எடுத்துப்போயிருந்த பள்ளிக்கூட நோட்டை வேறொரு மொழிபெயர்ப்பாளர் படித்துச் சிரித்தபின், பத்தாம் நாள் அவரை வெளியே விட்டார்கள், மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அதற்குள் ஆஸ்திரேலியாக் கப்பல் போய் மூன்று நாளாகியிருந்தது. அவர் நடந்து வந்து சேர்ந்தபோது லயமே வேலைக்குப் போயிருந்தது. பாயில் மற்றவர்கள் பணம் இல்லை. போலீஸ் எப்படியோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டதோ என்று நினைத்தார். அவருடைய ஐந்து நோட்டுகள் மட்டும் கிடந்தன. தொடப் பயந்து வெகுநேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒரு நோட்டின் முனையைப் பிடித்தார். சாதாரணமாக வந்தது. கொடுத்தவர்கள்தான் தத்தம் பணத்தை எடுத்துப் போயிருக்கிறார்கள். மகளுக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று சன்னாசி தெரிந்துகொண்டது இப்படித்தான். சந்தேகம் தீர மற்ற நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, வாய்விட்டு அழுதார்.