எதிர்க்க ஒருத்தி

தியான மனையின் காலைச் சாப்பாட்டு மேசையில் ஓட்ஸ் கஞ்சிக்கு மேப்பிள் பாகு ஊற்றிக்கொண்டிருந்த, தபிதாவைப் போலவே தங்க வந்திருந்த கோரா, வெகு சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"என்ன தபிதா, நீங்க இன்னைக்கு ஊர்ல இருக்க வேணாமா? பன்னெண்டு மணிக்கு உங்க சபைல முடிவெடுக்கிற கூட்டமாமே. பக்கத்துச் சபைன்னு எங்க ஆளுங்ககூட ரெண்டு பேரு போறாங்க."

"அது அடுத்த ஞாயிறு."

"இல்லையே, முன்னாடி வச்சுட்டாங்களே!"

தபிதாவின் கரண்டி கிண்ணத்திலேயே நின்றது. மௌனமாக உட்கார்ந்து ஆராதிக்கிற கிறிஸ்தவப் பிரிவான குவேக்கர் சபையில் ஓட்டெடுப்பு கிடையாது. கூட்டத்தில் இருக்கிற ஒரே ஒருவர் எழுந்து 'எனக்குச் சம்மதமில்லை' என்று மனதாரச் சொல்லிவிட்டால், மற்றவர்கள் எத்தனை பேர் தலையாட்டினாலும் காரியம் அத்தோடு நின்றுவிடும். இரண்டு வருடமாக அவள் அப்படித்தான் நிறுத்திவைத்திருந்தாள். அவளோடு சேர்த்துச் சபையில் மிச்சமிருந்த பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேர் சபை வீட்டை விற்றுவிடலாம் என்றார்கள். கூரை ஒழுகியது, குளிரில் குழாய் வெடித்தது, எல்லாம் உண்மைதான். ஆனால் வாங்க வந்தவர்கள் பின்பக்கக் கல்லறைகளைத் தோண்டி ஊர்ப் பொது இடுகாட்டுக்கு மாற்றிவிட்டு, அங்கே கார் நிறுத்த இடம் போடுவார்களாம். முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு கல்லுக்குக் கீழே, பத்தொன்பது வயதில் போய்விட்ட அவள் மகள் லிடியா அங்கேதான் படுத்திருக்கிறாள்.

போன மாதம் பன்னிரண்டு பேரும் ஓர் அட்டையில் கையெழுத்துப் போட்டு, இந்தத் தியான மனையில் ஒரு வாரம் தங்க அவளுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். நீ களைத்துப்போய்விட்டாய், போய் மனதைப் புதுப்பித்துக்கொண்டு வா என்றார்கள். சபையை நடத்தும் லோவெலே காரோட்டிக் கொண்டுவந்து விட்டான். வழியில் நிறுத்தி அவளுக்குப் பிடித்த பீச் பழப் பலகாரம் வாங்கிக் கொடுத்தான். அவளும் உருகிப்போனாள். நான்கு நாளாகக் குளத்தைச் சுற்றி நடந்துகொண்டே லோவெலின் முட்டி வலிக்காக வேண்டிக்கொண்டுகூட இருந்தாள். கஞ்சியை அப்படியே விட்டு எழுந்தாள்.

அலுவலக அறைக்குப் போய் அவனுக்குப் போன் போட்டாள்.

"லோவெல், இன்னைக்கா கூட்டம்?"

"ஆமா." குவேக்கர் பொய் சொல்லமாட்டான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கல, தபிதா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"நான் இல்லாத நேரம் பாத்து முடிச்சுடலாம்னுதான என்னை இங்க கொண்டாந்து தள்ளின?"

அவன் மெதுவாகச் சொன்னான். "ஆர்விலுக்கு நீ செஞ்சதுதானே. அப்ப சபைய நடத்தினது நீ. நீதான் அவன கார்ல ஏத்திக்கிட்டுப் போன. நாங்க உன்னப் பாத்துத்தான் கத்துக்கிட்டோம்."

குத்திக்காட்டுகிற குரலே இல்லை. அதனால்தான் அதிகம் வலித்தது. "உனக்காக எல்லாரும் வேண்டிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் இரண்டு பெண்கள் தங்களுக்குள் செய்துகொள்ள விரும்பிய கல்யாணத்தைச் சபையில் நடத்த ஆர்வில் ஒருவன் மட்டும் ஒத்துக்கொள்ளாமல் இருந்தான். நல்ல காரியம் நின்றுபோகக் கூடாதே என்று கூட்டத்துக்கு முன்னால் இதே தியான மனைக்கு அவனைக் கூட்டிவந்து, படுக்கைக்குப் போர்வைகூட விரித்துக் கொடுத்துவிட்டுப் போனவள் இவள்தான். திரும்பி வந்த ஆர்வில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சபைப் பக்கம் வருவதையே விட்டுவிட்டான். அதற்காக அவளுக்கு ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை.

மணி பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது. ஊருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். டாக்ஸி வந்து சேரவே ஒரு மணி நேரமாகும் என்றார்கள். கார் வைத்திருந்தவர்கள் எல்லாம் மௌன ஆராதனைக்குள் போய்விட்டார்கள். தபிதாவும் உள்ளே போனாள்.

அங்கே உள்ளம் உந்தினால் எவரும் எழுந்து பேசலாம். பேசியதற்குப் பதில் சொல்லக் கூடாது. ஒருமுறை பேசியவர் மறுமுறை எழக் கூடாது. அந்த ஒழுங்கைப் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தே முப்பது வருடம் ஓட்டியவள் எழுந்து நின்றாள்.

"பன்னெண்டு மணிக்கு என் சபை என் பொண்ணு கல்லறைய விக்கப்போகுது. வேணாம்னு சொல்ல நான் அங்க இருக்கணும். எங்கிட்ட வண்டி இல்ல."

உட்கார்ந்தாள். யாரும் அசையவில்லை. இருபது பேரின் கண்களும் இன்னும் இறுக மூடிக்கொண்டன. ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். எதிர் பெஞ்சில் இருந்தவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பத்தே கால் ஆனது. பத்தரை ஆனது. கத்தலாம், பக்கத்தில் இருப்பவளின் தோளைப் பிடித்து உலுக்கலாம். முப்பது வருடப் பழக்கம் விடவில்லை. இத்தனை நல்லவர்கள் மேல் இவ்வளவு வெறுப்பு வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. தன் மேல் வந்தது அதைவிட அதிகம்.

பதினொரு மணிக்கு, வழக்கப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் கையைக் குலுக்க, ஆராதனை முடிந்தது. நெஞ்சில் கை வைத்திருந்தவர் ஓடிவந்தார். மெரில் என்று பெயர். உள்ளங்கையில் கார்ச் சாவியின் பல் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"நீங்க பேசினதுமே சாவிய கைல எடுத்துட்டேம்மா. மௌனத்தக் கலைக்கக் கூடாதேன்னுதான்... வாங்க, ஏறுங்க."

மெரில் ஐம்பத்தைந்து மைலுக்கு மேல் வேகமானியின் முள்ளை ஏறவிடவில்லை. பால் லாரிகள்கூட அவர்களைத் தாண்டிப் போயின.

"கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்."

"இந்த ரோட்டுக்கு இவ்வளவுதாம்மா அனுமதி" என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு.

பன்னிரண்டு அடித்தபோது சோளக்காடுகளுக்கு நடுவே பாதி வழியில் இருந்தார்கள். இந்நேரம் லோவெல் எழுந்து, யாருக்காவது மறுப்பு உண்டா என்று கேட்டிருப்பான். கேட்டுவிட்டு, வழக்கம்போல் கொஞ்ச நேரம் காத்திருப்பான். தபிதா முதுகை நிமிர்த்திக்கொண்டு, முன்கண்ணாடியைப் பார்த்து உரக்கச் சொன்னாள்.

"எனக்குச் சம்மதமில்லை."

மெரில் பதில் சொல்லவில்லை. தலையை லேசாகத் தாழ்த்தி அந்த வார்த்தையை மரியாதையோடு வாங்கிக்கொண்டு, அதே ஐம்பத்தைந்தில் ஓட்டிக்கொண்டிருந்தார்.