இடது பலகையின் கீறல்

தடாலென்று ஒரு சத்தம். சீலிங் ஃபேன் ஆடியது. மொட்டை மாடியில் மலை வந்து இறங்கிவிட்டது.

எங்கள் குரோம்பேட்டை குடியிருப்புக்கு மலை வருஷம் ஒருமுறை வரும். மத்தியானம் வந்து, இருட்டுவதற்குள் போய்விடும். போன வருஷம் நானும் என் மனைவி வசுமதியும் அதில் பனிச்சறுக்கு விட்டோம். நான் முன்னால். அவள் என் தடத்திலேயே பின்னால். பாதி வழியில் என் இடது கால் சறுக்குப் பலகை ஒரு பாறையில் உரசியது. கீழே வந்து திரும்பிப் பார்த்தேன். அவள் இல்லை. மலை கிளம்பிவிட்டது.

மலையில் தங்கியவர்கள் மலையோடு போவார்கள் என்றார் சங்கச் செயலாளர் பூவராகன். அடுத்த வருஷம் போய்த் தேடிக்கொள்ளலாம் என்றார். எனக்கு மனசு சரியில்லை. பலகைகளைத் துடைக்கக்கூடச் செய்யாமல் பரணில் ஏற்றிவிட்டேன்.

இன்றுதான் இறக்கினேன். சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்துப் போட்டேன். ஓரத் தகடுகளில் துரு. அரத்தால் ராவினேன். துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியில் மெழுகுக் கட்டியை அழுத்தினேன். உருகிச் சொட்டியதைப் பெட்டியாலேயே பரப்பினேன். ஆறியதும் சுரண்டினேன். வலது பலகையில் என் முகம் தெரிந்தது.

இடது பலகையின் முனையில் பெட்டியை வைத்தபோதுதான் கீறலைப் பார்த்தேன். விரல் நீளம். அதிலிருந்து குளிர்காற்று வந்தது.

அழைப்பு மணி அடித்தது. பூவராகன். கழுத்தில் விசில்.

"சார், மலை வந்தாச்சு. பலகை ரெடியா?"

"இடதுல ஒரு கீறல்."

"கீறல் இருந்தா மலை ஏத்திக்காது சார். அடைச்சிடுங்க. மேடம் வேற ஒரு வருஷமா அங்க காத்துக்கிட்டிருப்பாங்க."

கீறலை அடைக்க ஒரு பிளாஸ்டிக் குச்சி உண்டு. கொளுத்தினால் உருகிச் சொட்டும். அதை எடுத்து வருவதற்குள் கீறல் முழங்கை நீளம் ஆகியிருந்தது. டேபிள் லைட்டை மேலே பிடித்து உள்ளே பார்த்தேன்.

ஒரு பள்ளத்தாக்கு இருந்தது.

பலகையின் கனம் என்னவோ ஒரு பிஸ்கட் அளவுதான். பள்ளத்தாக்குக்கு அடி தெரியவில்லை. சரிவெல்லாம் கடுகு கடுகாக மரங்கள். உறைந்த ஆறு ஒன்று நூல் மாதிரி ஓடாமல் கிடந்தது. பனி கீழிருந்து மேலே பெய்தது. கீறலைத் தாண்டி வந்து ஊறுகாய் ஜாடி மூடியில் உட்கார்ந்தது. உருகவில்லை. நான் விட்ட மூச்சு உள்ளே மேகமாகப் போனது.

காலில் செருப்பு இருந்தது. கழற்றினேன்.

மறுபடி மணி. வராந்தா நீண்டுகொண்டே போவதால் பூவராகன் இந்த முறை சைக்கிளில் வந்திருந்தார்.

"இன்னுமா சார்? மலை கிளம்பப் போகுது."

"உள்ள வந்து பாருங்க."

பார்த்தார். அவரும் செருப்பைக் கழற்றினார்.

"அழகாத்தான் இருக்கு" என்றார் பிறகு. "ஆனா மேடம் வேணுமா, இது வேணுமா?"

வசுமதிதான் வேண்டும். குச்சியைக் கொளுத்தினேன். நுனியில் ஒரு சொட்டு திரண்டது. அந்தச் சொட்டு ஆற்றை மூடிவிடும். கீறலுக்கு நேராகப் பிடித்தேன்.

"ஏங்க!" என்றது உள்ளிருந்து ஒரு குரல். "பெட்டியைப் பலகை மேலயே வெச்சுட்டுப் பராக்குப் பார்த்தா எப்படி? மெழுகு புகையுது பாருங்க!"

புகைந்துகொண்டுதான் இருந்தது. பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தேன். அந்தக் குரல் சொன்னால் கை தானாகச் செய்யும். அப்புறம் குச்சியை ஊதி அணைத்தேன்.

பள்ளத்தாக்கின் அடியில் ஒரு மஞ்சள் புள்ளி. போன வருஷம் அவள் போட்டிருந்த ஸ்வெட்டர். புள்ளி கை ஆட்டியது.

மாடியில் மலை உறுமியது. பூவராகன் பதறிப்போய் விசிலை ஊதினார்.

"சார், இப்ப விட்டா அடுத்த வருஷம்தான்!"

"போகட்டும்."

மலை எழும்பியது. ஃபேன் ஆடுவது நின்றது. ஜன்னலில் வெயில் வந்தது. பூவராகன் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். வராந்தாவில் அவர் மணிச்சத்தம் தேய்ந்துகொண்டே இருந்தது.

நான் கீறலில் வாயை வைத்துக் கேட்டேன்.

"வசு, மலையிலேருந்து எப்ப வந்தே?"

"நான் எந்த மலைக்குப் போனேன்? முதல்ல அந்த லைட்டைத் தள்ளிப் பிடிங்க. வருஷம் பூரா பரண் இருட்டுல இருந்துட்டுக் கண்ணு கூசுது."