எழுதியவர்: இளஞ்செழியன்

“யாரு எழுதுனா இன்னா செல்வி? நீ வேற, நான் வேறயா?”

“அதுக்கில்லங்க. கீழ ஒரு வரி...”

“இன்னா வரி?”

“ஒண்ணுமில்ல. சொம்மா கேட்டேன்.”

ஆறு வருஷத்துக்கு முன்னால், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஷட்டரைப் பாதி இறக்கிய போட்டோ ஸ்டுடியோவுக்குள் நடந்த பேச்சு இது. கல்யாணங்கள் எல்லாம் நின்றுபோய், இளஞ்செழியனின் கேமரா பெட்டிக்குள்ளேயே கிடந்த கொரோனா காலம். சமையல் பற்றி ஒரு வலைப்பூ தொடங்கலாம் என்பது அவன் யோசனை. சமைத்து, எழுதி, கணினியில் தட்டி முடித்தது அவன் மனைவி செந்தமிழ்ச்செல்வி. பதிவின் அடியில் தன் பெயரும் இருக்கட்டும் என்று கேட்கத்தான் வாயெடுத்தாள். கல்யாணமாகி எட்டே மாதம். நீ வேற நான் வேறயா என்று புருஷன் கொஞ்சலாகக் கேட்கும்போது எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? ‘எழுதியவர்: இளஞ்செழியன்’ என்று தன் விரலாலேயே அடித்தாள்.

அதற்குப் பிறகு அந்த வரியை முந்நூறு தடவைக்கு மேல் அடித்துவிட்டாள்.

வலைப்பூவுக்கு ‘சாமைச்சோறு’ என்று பெயர். செல்வியின் அப்பா மலைமேல் இருக்கும் கரியாலூர் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். எட்டாம் வகுப்பு வரை அவள் மலையில்தான் வளர்ந்தாள். சாமையும் தினையும் அவளுக்குக் கைவந்தவை. வாக்கப்பட்ட வடக்கனந்தல் வீட்டின் குழம்பு வகைகளும் சீக்கிரமே கைக்கு வந்தன. அவள் சமைப்பாள், அவன் படம் எடுப்பான். படத்தில் அவள் கைகள் மட்டும் இருக்கும்; அவை யார் கைகள் என்று யாரும் கேட்டதில்லை. “மூஞ்சி வேணாம் செல்வி, கை போதும். கைதான் அழகா இருக்குது” என்பான். அதையும் அவள் ஒரு காலத்தில் கொஞ்சல் என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

முதலில் ஒரு செக்கு எண்ணெய்க்காரர் வந்தார். பிறகு மசாலாப் பொடிக் கம்பெனி. பிறகு மாசம் ஒரு பதிவு என்று வருஷக் கணக்கில் ஒப்பந்தம் போடும் கோயம்புத்தூர் குக்கர் கம்பெனி. எத்தனையோ வலைப்பூக்கள் ஒரு விளம்பரத்தோடு நின்றுபோக, இங்கே மட்டும் வந்தவர்கள் திரும்பத் திரும்ப வந்ததற்குக் காரணம் செல்வியின் ஒரு பிடிவாதம். எந்தப் பொருள் வந்தாலும் பதினைந்து நாள் வீட்டில் புழங்கிப் பார்க்காமல் ஒரு வரி எழுதமாட்டாள். குறை இருந்தால் குறையையும் எழுதுவாள். ஒரு தடவை, சாயம் கலந்த மிளகாய்த்தூளைப் பணத்தோடு திருப்பி அனுப்பியதற்காக இளஞ்செழியன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் ‘இவர் சொன்னால் நம்பலாம்’ என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அந்தப் பெயரால் வடக்கனந்தல் வீட்டுக்கு மாடி எழும்பியது, ஸ்டுடியோவுக்கு ஏசி வந்தது. பெயர் மட்டும் அவனுடையதாக இருந்தது.

செல்வி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாத ஒன்று போன தை மாதம் நடந்தது.

குக்கர் கம்பெனியின் விளம்பர வேலையைக் கவனிக்கும் ஜூலியா, சென்னையிலிருந்து புது ஒப்பந்தத்தோடு வந்திருந்தாள். சொந்த ஊர் கள்ளக்குறிச்சிதான் என்பதால் கலகலவென்று பேசுகிற பெண். ஹோட்டலில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செல்வியைப் பார்த்துச் சிரித்து, “மேடமும் எழுதுவாங்களா சார்?” என்று கேட்டாள்.

இளஞ்செழியன் புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, “இவங்களா? மளிகைச் சீட்டு எழுதுவாங்க. அதுலயும் வெந்தயத்த மறந்துடுவாங்க” என்றான்.

மேசையே சிரித்தது. செல்வியும் சிரித்தாள். வீடு வந்து சேர்ந்த பிறகும் அந்தச் சிரிப்புதான் அவளை அறுத்தது. அவன் சொன்னதைவிட, அதற்குத் தான் சிரித்ததை அவளால் மன்னிக்க முடியவில்லை.

அழவில்லை. மறுநாள் காலை, வேலைகளை முடித்துக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தாள். நீ வேற நான் வேறயா என்றவன்தானே? சரி, இனி நீ நானாகவே இரு என்று நினைத்துக்கொண்டு அடித்தாள்: ‘விடிந்ததும் எங்கள் வீட்டில் அடுப்பைப் பற்ற வைப்பது நான்தான். பாவம், என் மனைவி இன்னும் அரை மணி நேரம் தூங்கட்டும்.’

அவன் படிக்கமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். ஆறு வருஷமாக அவன் பார்த்ததெல்லாம் படங்களையும், பாங்கிலிருந்து வரும் குறுஞ்செய்தியையும்தான்.

அடுத்த மாதப் பதிவில், இளஞ்செழியன் வெங்காயம் உரித்தான். அதற்கடுத்த மாதம் மீன் கழுவினான். வாசத்தை வைத்தே குழம்பில் உப்பு கம்மியா ஜாஸ்தியா என்று சொன்னான். மனைவிக்குக் காய்ச்சல் வந்தபோது மிளகு ரசம் வைத்து, ஊதி ஊதிக் கொடுத்தான். அதை எழுதும்போது மட்டும் செல்விக்குக் கண் கலங்கியது. தனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்த அன்று அவன் ஒரு கல்யாண ஆர்டருக்குப் போயிருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரசத்துக்கு இன்னும் இரண்டு வரி சேர்த்தாள்.

வாசகிகள் உருகிப்போனார்கள். ‘உங்கள் மனைவி கொடுத்து வைத்தவர் சார்’ என்று ஒருத்தி. ‘இதை என் வீட்டுக்காரருக்கு அனுப்பியிருக்கிறேன்’ என்று இன்னொருத்தி. ஒவ்வொன்றையும் செல்வி இரண்டு தடவை படித்தாள். ஒவ்வொன்றும் அவன் ஏறப்போகும் ஏணியில் ஒரு படி. எவ்வளவு உயரம் ஏறுகிறானோ அவ்வளவு நல்லது.

ஸ்டுடியோவுக்குப் பக்கத்து டீக்கடைத் தெய்வசிகாமணிகூட, “இன்னா தம்பி, வூட்டுல மீனெல்லாம் நீதான் ஆயுறியாமே?” என்று கேட்டாராம். அதையும் கேலி என்று நினைத்து, வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தான் இளஞ்செழியன். செல்வி அவனுக்கு இன்னொரு தோசை போட்டாள்.

ஏழாவது மாதம், சாமையில் கல் அரிப்பதைப் பற்றி எழுதினாள். மலையில் வீட்டு உரலில் குத்தும் சாமையில் கல் இருக்கும். அதை நீக்குவது கைப்பழக்கம். ‘இதை நான் யாரிடமும் விடமாட்டேன், ஏழு தண்ணீர் விட்டு நானே அரிப்பேன்’ என்று அவன் பெயரில் முடித்தாள். அதுவரை வந்த பதிவுகளிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான்.

ஒன்பதாவது மாதம் ஜூலியா போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். இளஞ்செழியன் ஸ்பீக்கரில் போட்டான்.

“சார், அடுத்த வருஷத்துக்கும் கம்பெனியில சரின்னுட்டாங்க. தொகையும் ஏத்திக் குடுக்குறாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறாங்க. கரியாலூர்ல ஒரு வீடியோ. நீங்களே சமைக்கிற மாதிரி.”

“நானா?”

“பின்ன வேற யாரு சார்? சமைக்கிற புருஷன்னு உங்கள வச்சுத்தான அங்க எல்லாமே ஓடுது! அந்தக் கல் அரிக்கிறது இருக்கே, அத அப்படியே செஞ்சு காட்டுங்க. வர்ற சனிக்கிழம. எழுதுனவரே செய்யணும், அதான் கண்டிஷன்.”

போனை வைத்தவன், கையைக்கூடக் கழுவாமல் வலைப்பூவைத் திறந்தான். ஆறு வருஷத்தில் முதல் தடவையாகப் படித்தான். செல்வி எதிரில் உட்கார்ந்து, ரசத்துச் சோற்றை நிதானமாகப் பிசைந்தாள்.

“இன்னா செல்வி இது? நான் மீன் கழுவுனனா?”

“கழுவிக்கினேதான இருக்கீங்க, ஆறு மாசமா.”

“வாசம் பாத்து உப்பு சொல்றனா! எனக்குச் சக்கரைக்கும் உப்புக்குமே வித்தியாசம் தெரியாது!”

“எனக்குத் தெரியுங்களே. நீங்க வேற, நான் வேறயா?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தச் சொல் எங்கேயோ கேட்டதுபோல இருந்தது; எங்கே என்று நினைவில்லை. செல்விக்கு நினைவிருந்தது, அன்று அவன் போட்டிருந்த சட்டையின் நிறம் உட்பட.

“முடியாதுன்னு சொல்லிடவா?”

“சொல்லுங்க. அடுத்த வருஷ ஒப்பந்தம் அவ்ளோதான்.”

அவனால் சொல்ல முடியாது. அதற்காகத்தான் அவள் ஒன்பது மாதம் எழுதினாள்.

வெள்ளிக்கிழமைக்குள் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். கேமராவுக்குப் பின்னால் செல்வி நிற்பாள். காதைத் தொட்டால் உப்பு. மூக்கைத் தொட்டால் தண்ணீர். தலையைச் சொறிந்தால் அடுப்பைக் குறை. “கைவிட்டுடாத செல்வி” என்று அவன் நாலு தடவை சொன்னான். “நான் எங்க போறேன்” என்றாள் அவள்.

சனிக்கிழமை காலை கார் மலை ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் அவன் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். “காது உப்பு, மூக்குத் தண்ணி, காது உப்பு...” செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினாள்.

கரியாலூரில், அருவிக்குப் போகிற பாதையை ஒட்டி ஒரு வீட்டின் வாசலை வாடகைக்குப் பிடித்திருந்தாள் ஜூலியா. மண் முற்றம், விறகடுப்பு, அதன்மேல் பளபளவென்று கம்பெனி குக்கர். கேமராக்காரன் அஜித் விளக்குகளை நிறுத்திக்கொண்டிருந்தான். இளஞ்செழியனுக்குச் சட்டைக் காலரில் சின்ன மைக் மாட்டினார்கள். வேடிக்கை பார்க்க ஊரிலிருந்து பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

முதல் கால் மணி நேரம் எல்லாம் நன்றாகவே போயிற்று. செல்வி மூக்கைத் தொட்டாள், அவன் தண்ணீர் ஊற்றினான். காதைத் தொட்டாள், உப்புப் போட்டான். கடுகு வெடித்தபோது ஓர் அடி பின்னால் குதித்தாலும், “சாரு பாருங்க, எப்பவும் விளையாட்டுதான்” என்று ஜூலியா சமாளித்தாள். இளஞ்செழியனுக்குத் தெம்பு வந்தது. கேமராவைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான்.

“இப்போ கல் அரிக்கிறது சார்” என்றாள் ஜூலியா.

இரண்டு அகலப் பாத்திரங்கள். ஒன்றில் சாமையும் தண்ணீரும். அவன் செல்வியைப் பார்த்தான்.

செல்வி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டாள்.

மறுபடி பார்த்தான். கண்ணால் கெஞ்சினான். அவள் அசையவில்லை. ஒன்பது மாதமாக அவள் காத்திருந்த நேரம் இது. மளிகைச் சீட்டில் வெந்தயத்தை மறக்கிறவள் நான். ஆகட்டும், எழுதுகிறவர் நீங்கள், செய்யுங்கள்.

வேறு வழியில்லாமல் இளஞ்செழியன் பாத்திரத்தைத் தூக்கி, ரேஷன் அரிசி கழுவுவதைப்போல ஒரு குலுக்குக் குலுக்கி, தண்ணீரை முற்றத்தில் சாய்த்தான். கல் அரிக்கும்போது லேசான சாமை தண்ணீரோடு மேலே வரும்; அதை இன்னொரு பாத்திரத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கல்தான் அடியில் தங்கும். அவன் சாமையைத் தண்ணீரோடு சேர்த்து மண்ணில் ஊற்றினான். பின்னும் தண்ணீர் பிடித்து, பின்னும் ஊற்றினான். எங்கிருந்தோ நாலு கோழிகள் ஓடி வந்தன. ஏழு தண்ணீர் என்று எழுதியிருந்ததே, ஏழு தடவையும் விடாமல் ஊற்றினான். கடைசியில் பாத்திரத்தைக் கேமராவுக்குப் பெருமையாகக் காட்டினான். அடியில் ஒரு கைப்பிடிக் கல்லும் மண்ணும் கிடந்தன.

“சார்,” என்றான் அஜித் கேமராவுக்குப் பின்னாலிருந்து, “கல்லு வேகறதுக்கு எத்தினி விசில் வுடணும்?”

முற்றமே வெடித்துச் சிரித்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இளஞ்செழியனின் காது மடல் வரை சிவந்தது. செல்வி அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஹோட்டல் மேசையில் அன்று கேட்ட அதே சிரிப்பு. இன்று அது அவனுக்கு. அடிவயிறு வரை குளிர்ந்தது.

“குளிருதுல்ல மேடம்... கை ஓடல” என்றான் அவன் ஜூலியாவிடம்.

ஜூலியா கொஞ்சம் யோசித்தாள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். “பரவால்ல சார். மேடம் மலையில வளந்தவங்கதான? இது தெரிஞ்சிருக்கும். அவங்க கைய மட்டும் கிட்டக்க எடுத்துக்கலாம். மூஞ்சி உங்களுது.”

அவன் முகத்தில் உயிர் வந்தது. “ஆமா ஆமா! வா செல்வி. மூஞ்சி வேணாம், கை போதும்.”

செல்விக்குக் குளிர்ந்ததெல்லாம் ஒரு நொடியில் கொதித்தது. அவ்வளவுதானா? ஒன்பது மாதம் ஏற்றி, உச்சியிலிருந்து தள்ளிவிட்டும், அவன் விழுந்த இடத்தில் தாங்கிப் பிடிப்பது மறுபடியும் இவள் கைதானா? நாளைக்கு வீடியோ வரும். அவன் முகம், இவள் கை. கோழி தின்ற சாமை யார் கண்ணிலும் படாது.

போய் உட்கார்ந்தாள். புதிதாகச் சாமையைப் போட்டுத் தண்ணீர் விட்டாள். பாத்திரத்தை மெல்ல ஆட்டினாள். தண்ணீர் சுழல, பொன் நிறச் சாமை மேலெழும்பி, சொன்ன பேச்சுக் கேட்பதுபோல அடுத்த பாத்திரத்தில் இறங்கியது. கல் அடியில் தங்கியது. ஒரு மணி சிந்தவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள்.

ஜூலியா குனிந்து பார்த்தாள். செல்வியின் கட்டைவிரலுக்குக் கீழே, பழைய எண்ணெய்த் தழும்பு.

“இந்தத் தழும்பு... பிளாக்ல எல்லாப் படத்துலயும் இருக்குது” என்றாள் மெதுவாக. பிறகு இளஞ்செழியனிடம் திரும்பினாள். “சார், நெஜமாச் சொல்லுங்க. எழுதறது யாரு?”

அவன் செல்வியைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அவள் ஒரு பொய் சொன்னால் இந்த வருஷமும் தப்பிக்கலாம். அவள் உண்மையைப் போட்டு உடைத்தால் எல்லாம் போய்விடும். இரண்டும் அவள் நாக்கில் இருந்தன. இரண்டுமே அவளுக்கு வேண்டாம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஜூலியாவிடம் சொல்லி அவள் வாங்க வேண்டியது எதுவும் இல்லை. கேட்க வேண்டிய ஆளிடம் அவள் இன்னும் கேட்கவே இல்லை.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து, புருஷனுக்கு நேர் எதிரே வந்து நின்றாள். காலர் மைக் அவள் மூச்சைக்கூடக் கேட்டது.

“அன்னிக்கு ஸ்டுடியோவுல கீழ ஒரு வரின்னு சொல்ல வந்தனே, இன்னா வரின்னு கேட்டீங்களே, ஞாபகம் இருக்குதா?”

இப்போதுதான் நினைவு வந்ததுபோல அவன் மெல்லத் தலையசைத்தான்.

“எழுதியவர் செந்தமிழ்ச்செல்வின்னு என் பேரப் போடுங்க.”