புல் முளைத்த கப்பல்

“கப்பல் மேல புல்லு மொளைச்சிருக்கு அத்தை! இதுவா நாடு நாடாப் போற கப்பலு?”

சேரன் செல்போனை ரத்தினம்மாளின் மூக்குக்கு நேரே நீட்டிக் கத்தியது தேவனாம்பட்டினத்தில் நாலு வீடு தள்ளிக் கேட்டது. பக்கத்து வீட்டுப் பட்டம்மாளுக்கு அந்தச் சிரமமும் இல்லை. சர்க்கரை கேட்டு வந்தவள், கிண்ணமும் கையுமாக வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் வீட்டில் இரண்டு கிலோ சர்க்கரை இருந்தது.

போன மாதம்தான் ரத்தினம்மாளின் மகன் ஸ்ரீதருக்கும் சேரனின் தங்கை இளவரசிக்கும் தட்டு மாற்றியிருந்தார்கள். பெண்ணின் அப்பா வைத்திலிங்கம் ரத்தினம்மாளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். சிதம்பரத்தில் கடை போட்டு, கடல் காற்றையே மறந்தவர். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை என்று கீழவீதி முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். “எந்தெந்த நாட்டுக்குப் போவும்?” என்று அவர் கேட்ட அன்று, ரத்தினம்மாள் காபியை ஆற்றிக்கொண்டே, “எல்லா நாட்டுக்குந்தான்” என்றாள். அவள் சொன்னதில் அது ஒன்றுதான் பொய்.

கப்பல் என்னவோ நிஜம். சிலி நாட்டின் தெற்குக் கோடியில், இதற்கப்பால் ஊரே இல்லை என்கிற இடத்தில், கடற்படை கழித்துப்போட்ட பழைய கப்பல். கரையோரச் சேற்றில் ஒருக்களித்து உட்கார்ந்து பல வருஷமாகிறது. பாய்மரப் படகில் உலகம் சுற்றுகிற பணக்காரர்கள் வந்து குளிர் காய்ந்து, குடித்துவிட்டுப் போகிற கிளப் அது. ஸ்ரீதர் அங்கே அடுப்புக்கு விறகு போட்டு, கிளாஸ் கழுவுகிறவன். அவன் எதையும் மறைக்கவில்லை. பின்னால் பனிமலை தெரிய ஒரு படம் எடுத்து இளவரசிக்கு அனுப்பினான். அவள் பெருமையாக ஸ்டேட்டஸில் வைத்தாள். அண்ணன்காரன் அதைப் பெரிதாக்கிப் பார்த்தான். கட்டிய கயிறு தெரிந்தது, சேறு தெரிந்தது, மேல்தளத்துப் புல்லும் தெரிந்தது.

“பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு இல்லியா ரத்தினம்?” என்றார், மகனோடு வந்திருந்த வைத்திலிங்கம்.

ரத்தினம்மாள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். கல்யாணமானால் ஊரோடு வந்துவிடுகிறேன் என்று ஸ்ரீதர் வாக்குக் கொடுத்திருந்தான். இந்தச் சம்பந்தம் போனால் அவனை இழுத்து வர வேறு கயிறு கிடையாது.

“ஓடாத கப்பலாப் பாருடான்னு நாந்தாண்ணே சொன்னேன்,” என்றாள். “சரக்குக் கப்பல்ல சமையலுக்குப் போனவன, எறங்கிடுடான்னு அழுதேன். அவுங்க அப்பா படகு சுனாமில சவுக்குத் தோப்புல கெடந்துச்சே, நீங்களுந்தான பாத்தீங்க. ஆள எங்க கண்டோம்?”

சேரன் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பட்டம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“புரியுதும்மா,” என்றார் வைத்திலிங்கம், அவள் முகத்தைப் பார்க்காமல். “அதுக்குன்னு எம் பொண்ணயும் சேத்துல கட்டிப் போட முடியுமா?”

தட்டு மாற்றிய அன்று கொடுத்த சேலையையும் மோதிரத்தையும் துணிப்பையில் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு, சும்மா கத்துவதற்கு மட்டும் பஸ் ஏறி வந்தவர்கள்.

ஆவணியில் இளவரசிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சேத்தியாத்தோப்பில் அரிசி மில். அதுவும் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. போய்ச் சாப்பிட்டு வந்த பட்டம்மாள், பெண் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை என்றாள். வடையும் சரியில்லையாம்.

“கெளாஸ் கழுவுறவனுக்கு யாரும்மா பொண்ணு தருவா” என்று ஸ்ரீதர் ஒரு வரி அனுப்பினான். மறுவாரமே அங்கு வந்து நின்ற பாய்மரப் படகு ஒன்றில் வேலைக்கு ஏறிவிட்டான். எல்லா நாட்டுக்கும் போகிற படகு.

ரத்தினம்மாள் வீட்டைப் பூட்டிவிட்டு, அலைச் சத்தம் எட்டாத திட்டக்குடிக்கு, தங்கை மங்கலத்திடம் போய்விட்டாள். படகிலிருந்து மகன் அனுப்பிய கடைசிப் படம் செல்போனில் இருக்கிறது. சாம்பல் நிறத் தண்ணீருக்கு அப்பால், தூரத்தில், கட்டைவிரல் நகமளவுக்கு அந்தப் பழைய கப்பல். அவள் இரண்டு விரலால் அதைக் கிட்டே இழுக்கிறாள். புல் தெரிகிற அளவுக்கு வந்து, விரலை எடுத்ததும் போய்விடுகிறது.